மூன்றாவது விதி

வெள்ளிமலை,
22.1.2012

மாமா அவர்களுக்கு,

கண்ணாயிரம் எழுதுவது. அக்காவிடம் வாரா வாரம் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் சர்க்கரை அளவிலிருந்து புதுச் செருப்பு கடித்தது வரை எல்லாம் தெரியும். ஆகவே இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும். அக்கா வழியாகக் கேட்டால் பாதி குழம்பில் விழுந்துவிடும்.

டெலஸ்கோப்பைக் கடைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். எட்டு வருடத்தில் குழாய்க்குள் குளவி கூடு கட்டி, காலி பண்ணிக்கொண்டும் போய்விட்டது. கண்ணாடியைச் சென்னைக்கு எடுத்துப் போய்ப் புதுப் பூச்சு போட்டு வந்தேன். இப்போது அதில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம்.

கண் வைத்துப் பார்க்கிற வில்லை, ஐபீஸ்தான் இல்லை. ஏன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஜூம் ஐபீஸ் என்று ஒன்று வருகிறதாம். ஒன்றே போதும், அதன் கழுத்தைத் திருப்பினால் பார்ப்பது பெரிதாகிக்கொண்டே போகுமாம். மோட்டாருக்குக் காயில் சுற்றிச் சுற்றி என் வலது கையில் இரண்டு விரல் மரத்துவிட்டன. இருட்டில் சின்னச் சின்ன ஐபீஸ்களை மாற்றி மாட்டினால் ஒன்றாவது மண்ணில் விழும். அதனால் இதுதான் எனக்குச் சரிப்படும். கடையில் நாலு வகை சொல்கிறார்கள். எது நல்லது என்று சொல்லத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அதனால் எழுதுகிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி,
3.2.2012

அன்புள்ள கண்ணாயிரம்,

உன் கடிதம் வந்த பிறகு நான் எழுதும் நான்காவது பதில் இது. முதல் மூன்றிலும் ஜூம் வில்லையைப் பற்றித் தொடங்கி வேறெங்கோ போய்விட்டேன்; கிழித்துப் போட்டேன். உன் அக்கா குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு, "கடுதாசி எழுதறீங்களா, காகிதம் அரைக்கறீங்களா?" என்றாள். ஆகவே இதில் கேட்டதற்கு மட்டும் பதில். விவரங்களைத் தனித்தாள்களில் எழுதி இணைத்திருக்கிறேன். இங்கே சாரம் மட்டும்.

1996இல் உன் கடைப் பின்கட்டில், எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்து, நாம் இருவரும் நான்கு மாதம் தேய்த்த கண்ணாடி அது. ஆறங்குல அகலம். குவியத்தூரம் ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர். இந்த எண்ணை வில்லையில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது கிடைக்கும். ஜூம் வில்லைகளில் பல எட்டிலிருந்து இருபத்துநான்கு வரை போகின்றன. இருபத்துநான்கில் ஐம்பது மடங்கு, எட்டில் நூற்றைம்பது.

குறைகளும் உண்டு. முக்கியமான குறை, குறைந்த பெருக்கத்தில் காட்சி குறுகிப்போவது. தெருவை முழுதாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு, எதிர்வீட்டுப் பூட்டைப் பார்க்கும்போது முழுதாகத் திறப்பது போல. அடுத்தது, திருப்பத் திருப்ப உருவம் கொஞ்சம் மங்கும். மறுபடி கூர்மைப்படுத்த வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். இதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அதிகமாகத் தோன்றினால் மன்னி.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. நான் இதுவரை எந்த ஜூம் வில்லையிலும் கண் வைத்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவன். படித்ததை அட்டவணையாகப் போடத் தெரியும், அவ்வளவுதான். சமைக்காதவன் சொல்லும் பக்குவம் என்று வைத்துக்கொள்.

நம் பழைய வில்லைகள் மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மாதம் பிறந்தால் துடைத்து வைக்கிறேன். வேண்டுமென்றால் வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்றாலும் சரி.

காசிநாதன்


வெள்ளிமலை,
12.2.2012

மாமா அவர்களுக்கு,

பதினோரு பக்கம்! கிரைண்டர் மோட்டாரைச் சரிபார்க்கக் கொண்டுவந்த பெரியம்மாள் கடையில் உட்கார்ந்திருந்தாள். நான் தாளைத் திருப்பிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "இன்னாண்ணே, பாகப்பிரிவினைப் பத்திரமா?" என்றாள்.

"எங்க மாமா எழுதியிருக்காரு."

"யாரு? அன்னிக்கிக் கண்ணாடிய எடுத்துக்கினு ஓடினாரே, அந்த அளவுக்காரரா?"

அவளுக்கு அந்த நாள் மறக்கவில்லை. எப்படி மறக்கும்? சந்தைக்கு மரவள்ளி கொண்டுவருகிறவள், அன்றைக்கு மட்டும் வெறுங்கையோடு இரண்டு மணி நேரம் நடந்து வந்தாள். சூரியன் மேல் வெள்ளிக் கிரகம் போவதைக் காட்டுகிறோம் என்று நாம்தானே ஊர் ஊராகச் சொன்னோம்? சந்தைத் திடலில் காத்திருந்த நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு நான் வந்தால், குழாய் நிற்கிறது, நீங்கள் இல்லை, ஐபீஸ் மூன்றும் இல்லை. குழாயில் ஒரு துண்டுச் சீட்டு: 'ஆபத்து. காட்ட வேண்டாம்.' முத்து முத்தான உங்கள் கையெழுத்து. "ஓட்டையத்தான் பாத்துட்டு வந்தேன்" என்று இன்றைக்கும் சந்தையில் சொல்லிச் சிரிக்கிறாள்.

பார்சல் வேண்டாம். எடுத்துக்கொண்டு போன கையாலேயே கொண்டுவந்து தந்தால் வாங்கிக்கொள்வேன். கண்டக்டர் கையால் வேண்டாம்.

பக்கம் வேண்டாம், பத்தி வேண்டாம். ஒரே வரியில் சொல்லுங்கள். எதை வாங்க?

கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி,
19.2.2012

அன்புள்ள கண்ணாயிரம்,

எட்டிலிருந்து இருபத்துநான்கு, உலோக உடம்பு, ஒன்றேகால் அங்குல வாய்.

ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் வாங்கியதும் எதைப் பார்த்துச் சோதிப்பாய் என்ற கவலை வந்துவிட்டது. மாலையில் மேற்கே வெள்ளி நன்றாக இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் தேதி வாக்கில் அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குள் நுழைகிறது. எட்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். போன முறை நாம் சேர்ந்து பார்த்தோம். முதலில் இருபத்துநான்கில் வை. பிறகு மெதுவாகத் திருப்பு. என்ன தெரிந்தது என்று, முடிந்தால், எழுது.

காசிநாதன்


வெள்ளிமலை,
4.4.2012

மாமா,

நேற்று இருட்டத் தொடங்கும்போதே வைத்துவிட்டேன். ஐபீஸ் வந்து மூன்று வாரம் ஆயிற்று, மேகம் விடவில்லை. நேற்று விட்டது.

உங்கள் ஜன்னல் கணக்கு சரிதான். இருபத்துநான்கில் வைத்தும் கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்கவில்லை. கொஞ்சம் வெளியே நின்றுவிட்டது. பழைய இருபத்தைந்து மில்லிமீட்டர் ஐபீஸில் அத்தனையும் உள்ளே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. சொன்னது பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மாமா, திருப்பும்போது! பழைய ஐபீஸில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள், முன்னால் பார்த்தது வேறு, பின்னால் பார்ப்பது வேறு என்றாகிவிடும். இதில் கண்ணை எடுக்கவே வேண்டாம். நட்சத்திரங்கள் மெல்ல ஓரத்துக்குப் போய்ப் போய் மறைகின்றன. வெள்ளி மட்டும் நடுவில் நின்று நம்மைப் பார்த்து வருகிறது. வந்து, வந்து, பாதி வட்டமாக, வகிடு எடுத்த மாதிரி நிற்கிறது. என் கைதான் திருப்புகிறது என்பது மறந்துபோய், அது இறங்கி வருகிறது என்றே நினைத்துத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

டீக்கடை பிச்சைமுத்து பார்த்துவிட்டு, "இது வெள்ளி இல்லீங்கண்ணே, நிலா. எங்கள ஏமாத்தறீங்க" என்றான். நிலா அந்தப் பக்கம் கிழக்கே இருக்கிறது, திரும்பிப் பார் என்றேன். திரும்பிப் பார்த்தான். மறுபடி குனிந்து பார்த்தான். பிறகு பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி,
10.4.2012

அன்புள்ள கண்ணாயிரம்,

உன் கடிதத்தை உன் அக்கா அமிர்தத்துக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவளே கேட்டாள். 'தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்' என்ற இடத்தில், "சின்ன வயசுல பாம்பாட்டி வந்தாகூட இவன் தள்ளிப் போவ மாட்டானே" என்றாள்.

அதே மாலையில் நான் எங்கள் மொட்டை மாடியில் இருந்தேன். கச்சிராயபாளையம் சாலை விளக்குகளுக்கு மேலே வெள்ளியும், அதை ஒட்டிப் பொடிப் பொடியாக ஏதோவும் தெரிந்தன. இடது கண்ணால் எண்ணிப் பார்த்தேன். நான்கு வரை எண்ண முடிந்தது. நீ அதையே அங்கே ஐம்பது மடங்கில் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தபோது, நானே பார்ப்பது போலத்தான் இருந்தது. அட்டவணையில் நான் எழுதிய ஓர் எண், மலைமேல் ஒரு மனிதனைப் பேசாமல் நிற்கவைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

மே மாதம் முழுதும் வெள்ளியை விடாதே. ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு நீயே கேள்.

காசிநாதன்


வெள்ளிமலை,
8.5.2012

மாமா,

கேட்டுவிட்டேன். பாதி வட்டமாக இருந்தது பிறையாகிவிட்டது. அது புரிகிறது, நிலா தேய்கிற மாதிரி. ஆனால் தேயத் தேயப் பெரிதாகிறதே! போன மாதம் எட்டில் வைத்துப் பார்த்த அளவு, இப்போது பன்னிரண்டிலேயே வந்துவிடுகிறது. திருப்புவதைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். எப்படி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் எதற்கு இதையெல்லாம் வாங்கினேன் என்று நீங்கள் இந்நேரம் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஜூன் ஆறாம் தேதி காலையில் வெள்ளி மறுபடியும் சூரியன் மேல் போகிறது. இதை விட்டால் நூற்றைந்து வருடம். 2004இல் திருப்பி அனுப்பினவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். பெரியம்மாள் ஊரிலிருந்து மட்டும் முப்பது பேர். அவர்கள் முன்னால் ஓட்டையோடு நிற்க இன்னொரு தடவை என்னால் ஆகாது.

ஜூம் ஐபீஸோடு சூரியனைப் பார்க்க என்று ஒரு கறுப்புக் கண்ணாடியும் சும்மா தந்தார்கள். ஐபீஸின் அடியில் திருகிக்கொள்ளலாம். ஒவ்வொருவராகக் குனிந்து, கண் வைத்து, வேண்டிய அளவுக்குத் திருப்பிப் பார்க்கலாம். எப்படி?

கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி,
12.5.2012

அன்புள்ள கண்ணாயிரம்,

முதல் கேள்விக்கு: வெள்ளி நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நீ தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது தவறே இல்லை. சூரியனுக்கு அப்பக்கத்திலிருந்து சுற்றி, நமக்கும் சூரியனுக்கும் நடுவே வருகிறது. நெருங்குவதால் பெரிதாகிறது, வெயில் படும் பக்கம் அப்பால் திரும்பிக்கொள்வதால் தேய்கிறது. ஜூன் ஆறாம் தேதி நம் பக்கம் முழு இருட்டு. அதனால்தான் கரும்புள்ளியாகத் தெரியும். நீ மாதக்கணக்காக வில்லையின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒரே நடையை. இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எழுபத்திரண்டு வயதில் இது தேவையா என்றும் தோன்றுகிறது.

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறுப்புக் கண்ணாடி இருக்கும் இடத்தில் ஆறங்குல வெயிலும் குவிந்து விழும். சூடு தாங்காமல் வெடித்தால், அடுத்த நொடி அந்த வெயில் கண்ணில். அதைக் கழற்றிவிட்டு, சூரியனை ஜூம் வில்லை வழியாக வெள்ளை அட்டையில் விழவைப்பதும் சரியில்லை. அதற்குள் பசையால் ஒட்டிய கண்ணாடிகள் இருக்கின்றன, உருகிப்போகும். அதற்கு ஏற்றது என்னிடம் உள்ள பித்தளை வில்லைதான். கல்லூரியில் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்தோமே, அது. அதில் பசையே கிடையாது. குழாயின் வாயை அட்டையால் மூடி, இரண்டு அங்குல ஓட்டை போட்டு, வெள்ளைத் துணியில் உருவத்தை விழவைத்தால் யாரும் கண் வைக்கவே வேண்டாம்.

வெறும் பயத்தில் சொல்வதாக நினைக்காதே.

காசிநாதன்


வெள்ளிமலை,
16.5.2012

மாமா அவர்களுக்கு,

வேறு எதில் சொல்கிறீர்களாம்? கண்ணாடி வில்லை விற்கிறவன், கண் போகிற சாமானையா கூடவே தருவான்? 2004இலும் இதே 'ஆபத்து' சீட்டுதான். அன்றைக்கு யாருக்கு என்ன ஆயிற்று? ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஓர் அதிகாரி, ஏதாவது ஆனால் பென்ஷன் போய்விடும் என்று காதில் போட்டிருப்பார். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். எட்டு வருடமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லவேண்டாம் என்று அக்காவுக்காக அடக்கி வைத்திருந்தேன்.

துணியில் விழுகிற நிழலைப் பார்க்க எதற்கு டெலஸ்கோப்? சினிமாக் கொட்டகைக்குப் போகலாம். மலை ஜனங்கள் கண் வைத்துப் பார்க்கட்டும். நான் கறுப்புக் கண்ணாடியைத்தான் மாட்டப் போகிறேன். முதல் ஆளாக என் கண்ணையே வைக்கிறேன். பயந்தாங்கொள்ளிகள் கள்ளக்குறிச்சியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கட்டும்.

கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி,
20.5.2012

அன்புள்ள கண்ணாயிரம்,

இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும் என்று உன் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஆயிற்று.

நீ சந்தைத் திடலுக்குப் போன பிறகு, பத்தரை மணிக்கு முன்பாகவே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். நான் எழுதித் தொங்கவிட்டிருந்த ஒன்பது விதிகளை அவர்களுக்கு உரக்க வாசித்தேன். மூன்றாவது விதி உனக்கு நினைவிருக்கும்: 'குறிபார்க்கும் சிறு குழாயை மூடி போட்டு மூடிவைக்க வேண்டும்.' பெரிய குழாயைப் பற்றியே எல்லாரும் பயப்படுவார்கள், பக்கத்தில் இருக்கும் சின்னதை மறந்துவிடுவார்கள் என்று விளக்கமும் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பி, பெரிய குழாய் சூரியனுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். சின்னக் குழாயின் மூடி என் சட்டைப் பையில் இருந்தது. வாசித்து முடித்ததும் போடலாம் என்று வைத்திருந்தேன். வலது கண் அதன் நேரே போயிற்று.

ஒரு நொடிகூட இருக்காது. வலிக்கவில்லை. அதுதான் இதில் பயங்கரம், வலித்திருந்தால் கத்தியிருப்பேன். முதலில் பச்சையாக ஒன்று மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அது கறுத்து, பார்வையின் நட்ட நடுவில் நின்றுவிட்டது. பாண்டிச்சேரியில் ஒரு கண் மருத்துவர் பார்த்துவிட்டு, இது இனி போகாது என்றார். போகவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எதை நேராகப் பார்க்கிறேனோ அதன்மேல் ஒரு கரும்புள்ளி. சுவரில், தட்டில், உன் அக்கா முகத்தில். எட்டு வருடமாக என் கண்ணுக்குள் வெள்ளி கடந்துகொண்டே இருக்கிறது, வெளியேறவில்லை.

விதியை எழுதியவனுக்கே இப்படி ஆனால், வரப்போகிற நாற்பது பேருக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். அது உண்மை, ஆனால் பாதி உண்மைதான். உன் முன்னால், அவர்கள் முன்னால், மூன்றாவது விதியை வாசித்த வாயோடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வந்திருந்தவர்களைச் சந்தைத் திடலுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, வில்லைகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பதினொன்றேகால் பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அமிர்தத்திடம் உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவள் காப்பாற்றினாள். அதற்கும் நான்தான் பொறுப்பு.

நீ சொல்வது சரி. நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் வெயிலுக்கு அது தெரியாது. உன் கண்ணை வைக்காதே, கண்ணாயிரம்.

காசிநாதன்


வெள்ளிமலை,
26.5.2012

மாமா,

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மறுபடியும் படித்தேன்.

மறுநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில், ஜூமில் அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் திருகி, குழாயைச் சூரியனுக்கு நேராக வைத்து, சின்னக் குழாய்க்கு மூடி போட்டேன். ஐபீஸின் மேல் கண்ணுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்றேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. டிக் என்று ஒரு சத்தம். குழாய்க்குள் நாக்கைச் சப்புக்கொட்டின மாதிரி. ஓடிப் போய்க் குழாயைத் திருப்பிவிட்டுப் பார்த்தால், கறுப்புக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது. தீப்பெட்டியில் கறுப்பாக ஒரு வட்டம், பொட்டு அளவு. அதில் பெரியம்மாள் கண் இருந்திருக்கும். அதற்கு முன்னால் என் கண். நீங்கள் தேர்ந்தெடுத்த ஐபீஸ் தப்பித்தது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். "சத்தியம் வாங்கிக்கினாருடா, நான் இன்னா பண்றது" என்று ஒரே அழுகை. எட்டு வருடம் வாரா வாரம் என்னோடு பேசிக்கொண்டு, உங்கள் செருப்புக் கதை வரை சொன்னவள், இதை மட்டும் விழுங்கி வைத்திருக்கிறாள்.

நீங்கள் ஓடிப்போன கதையை வெள்ளிமலை முழுக்கப் பரப்பியவன் நான்தான். அதை வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்க முடியாது. நீங்கள் வந்து நின்றால்தான் போகும். ஐந்தாம் தேதி மத்தியான பஸ். அந்தப் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போன கையாலேயே கொண்டுவாருங்கள். விதித் தாளையும்.

கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி,
9.6.2012

அன்புள்ள கண்ணாயிரம்,

மூன்று நாள் முன்புதான் பக்கத்தில் நின்றோம். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். நீ பஸ் நிலையத்தில் என் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க மாமா, டீ சாப்டலாம்" என்றதோடு நம் எட்டு வருடம் முடிந்துவிட்டது.

பித்தளை வில்லையைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, இடுக்கு நிரப்ப அதன்மேல் சுற்றியிருந்த காகிதத்தைக் காட்டி நீ சிரித்தாயே. 2004இல் நான் வந்த பஸ் டிக்கெட் அது. வெள்ளிமலைக்கு ஒன்று. அதை நான் மாற்றவே இல்லை.

காலையில் விதிகளை வாசிக்கச் சொன்னது நீதான். மூன்றாவதை வாசிக்க வாயைத் திறந்தேன். "மாமா, மொதல்ல செய்ங்க. அப்பறம் படிங்க" என்று மூடியை என் கையில் வைத்தாய். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் முன்னால் அதைப் போட்டு மூடினேன். பிறகு, வாசிக்காமல், எனக்கு நடந்ததைச் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பெரியம்மாள் மட்டும், "அய்யோ, அதுக்கா ஓடினீங்க? சொல்லியிருந்தா கூடவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பமே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன் என் ஒன்பது விதிகளும் என்ன?

எட்டே முக்கால் வரை மேகம். நீ பொறுமையில்லாமல் குழாயைச் சுற்றிச் சுற்றி நடந்தாய், அந்தக் காலத்தில் பீப்பாயைச் சுற்றி நடந்தது போல. பிறகு விலகியது. நீ விரித்துப் பிடித்த வேட்டியில் தட்டு அளவுக்குச் சூரியன் வந்து விழுந்தது. அதன் ஓரத்தை நோக்கி, மிளகு அளவில், கறுப்பாக, சுத்தமான வட்டமாக அது.



பெரியம்மாள் முன்னால் வந்து விரலை நீட்டினாள். புள்ளி துணியிலிருந்து அவள் நகத்தின் மேல் ஏறி நின்றது. "இம்மாந்தூண்டு" என்றாள். அது ஏறக்குறைய நம் பூமி அளவு என்று நான் மெல்லச் சொன்னேன். "அப்ப அங்கேருந்து பாத்தா நாமளும் இவ்ளோதானா? இந்த மல, சந்த, எல்லாமா?" ஆமாங்க என்றேன். சாமி மேல் கை பட்டுவிட்டவள் போல விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்றவளை முன்னால் தள்ளி, "நீயும் வச்சிப் பாரு" என்றாள்.

எல்லாரும் பார்த்த பிறகு, பத்து மணி சுமாருக்கு, நான் ஒரு காரியம் செய்தேன். நீ வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டாய். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். வெள்ளியை நேராகப் பார்த்தால் வெள்ளி இல்லை. என் புள்ளி அதை மூடிவிட்டது. இதனால்தான் எட்டு வருடம் இந்தக் கண்ணால் எதையும் பார்க்காமல் இருந்தேன். அப்போது, மங்கிய நட்சத்திரத்தைப் பார்க்க நாம் செய்வது நினைவுக்கு வந்தது. அதை நேராகப் பார்க்கக் கூடாது. சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். துணியை விட்டுச் சற்றுத் தள்ளி, அதைப் பிடித்திருந்த உன் மரத்த விரல்களைப் பார்த்தேன். என் புள்ளி உன் விரல்மேல் போயிற்று. வெள்ளி வெளியே வந்தது. சூரியனின் ஓரத்தைத் தொட்டது. ஓரம் ஒரு கடி கடித்தாற்போல் ஆயிற்று. பிறகு அதுவும் நிரம்பிவிட்டது. அது என் வலது கண் பார்த்தது, கண்ணாயிரம். இனி நூற்றைந்து வருடம்.

வில்லைகள் மூன்றையும் உன்னிடமே விட்டு வந்தேன். அடுத்த மாதப் பிறப்பில் துடைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அமிர்தம், ஜன்னலைத் துடைக்கலாமே என்கிறாள்.

ஒன்று விட்டுப்போயிற்று. நான் தேர்ந்தெடுத்த அந்த ஜூம் வில்லையில் இதுவரை நான் கண் வைக்கவில்லை. ஐந்தாம் தேதி சாயங்காலம் மேகம். இப்போது பொழுது சாயும்போதே சனி உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளையம் நன்றாகத் திறந்திருக்கிறது. இருபத்துநான்கில் தொடங்கி எட்டு வரை திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது அது நம்மை நோக்கி வருவது உண்மைதானா என்று எனக்குத் தெரியவேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வரலாமா? முடியாது என்றால் எழுது. எழுதாவிட்டால் வந்துவிடுகிறேன்.

காசிநாதன்